அடுப்பை அணைத்த பிறகு பட்டர்

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மரக்கறிதான். பின்னேரம் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போய்ப் பூசை பார்த்து, திரும்பும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் நிற்கிற மான்களைச் சின்னவன் எண்ணி முடிக்கும் மட்டும் காத்து நின்று, உவர்மலை வீட்டுக்கு வந்து சேர ஏழேகால், ஏழரை ஆகிவிடும். செருப்பைக் கழற்றும்போதே பிள்ளைகளுக்குப் பசி. மத்தியானம் வைத்த கறி ஒன்றோ இரண்டோ இருக்கும், சோறு முடிந்திருக்கும். அந்த நேரத்தில் மாக் குழைத்து இடியப்பம் பிழிய ஒருவருக்கும் தெம்பு இராது. கறிக்குப் பக்கத்தில் வைக்க, கால் மணித்தியாலத்துக்குள் ஆகக்கூடிய ஒன்றை நான் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

மூத்தவள்தான் வழி காட்டினாள். அவளுடைய சிநேகிதி வீட்டார் உப்புவெளியில் வெளிநாட்டுக்காரருக்கு அறைகள் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் மட்டும், எங்கள் பக்கத்துக் கடல் அடங்கிக் கிடக்கிற நாட்களில், குடும்பம் குடும்பமாக வந்து தங்குவார்கள். அவர்களுடைய சின்னப் பிள்ளைகளுக்கு எங்கள் உறைப்புத் தாங்காது. அவர்களுக்கென்று நூடில்ஸை அவித்து, பட்டரும் உப்பும் மிளகும் மட்டும் போட்டுக் கொடுப்பார்களாம். மூத்தவள் ஒரு நாள் அங்கே சாப்பிட்டுவிட்டு வந்து, "அம்மா, அதில ஒண்டுமே இல்ல, ஆனா நல்லா இருந்தது" என்றாள்.

ஒன்றுமே இல்லாத சாப்பாடு என்றால் ஒரே தடவையில் சரிவர வேண்டும். எனக்கு ஐந்தாவது வெள்ளிதான் சரிவந்தது. ஒவ்வொரு வெள்ளியும் என்ன செய்தேன், எங்கே பிழைத்தது என்று குசினிச் சுவரில் தொங்குகிற கலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வெள்ளி, எனக்குத் தெரிந்த மாதிரியே செய்தேன். அதாவது அம்மா செய்கிற மாதிரி. பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, நூடில்ஸைப் போட்டு அவித்து, ஓட்டைப் பாத்திரத்தில் கொட்டி, குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீரில் இரண்டு தரம் நன்றாகக் கழுவி, வடிய விட்டேன். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரி உதிரியாக, பார்க்க வடிவாக இருந்தன. அப்புறம் தாச்சியில் பட்டரை உருக்கி, அதில் போட்டுப் பிரட்டினேன். மேசைக்கு வந்தபோது மேலே இருந்த நூடில்ஸ் வறண்டு கிடந்தது. கோப்பையின் அடியில் மஞ்சள் எண்ணெய் தேங்கி நின்றது. முள்ளுக்கரண்டியால் தூக்கினால் பட்டர் வழுக்கிக் கீழே போய்விடும், வாய்க்குள் வருவது வெறும் நூடில்ஸ். பிள்ளைகள் கறியை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார்கள்.

பிழை கழுவியதில் இருக்கிறது என்று எனக்கு விளங்கியது அப்பாவால். அவர் காலமாகி ஒன்பது வருடமாகிறது. சீனக்குடாவில் பிரிமா மா ஆலையில் சில வருடம் வேலை செய்தவர். கோதுமை எங்கள் நாட்டில் விளைகிற பயிர் அல்ல. கப்பலில் வந்து எங்கள் துறைமுகத்தில் இறங்கி அந்த ஆலையில் அரைபடும். 1980ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிற ஆலை அது. கோதுமை மாவை அம்மம்மா கடைசி வரைக்கும் "அமெரிக்கன் மா" என்றுதான் சொல்லுவா. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா ஒரு விளையாட்டுக் காட்டுவார். ஒரு பிடி கோதுமை மாவைத் தண்ணீர் விட்டு இறுக்கமாகக் குழைத்து, தேசிக்காய் அளவுக்கு உருட்டி, கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, ஒரு கிண்ணத்துத் தண்ணீருக்குள் வைத்துப் பிசைந்து பிசைந்து கழுவுவார். தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாகிவிடும். திரும்பத் திரும்பத் தண்ணீர் மாற்றிக் கழுவினால், கடைசியில் கையில் சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரி ஒரு சின்ன உருண்டை மிஞ்சும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். "இதுதான் மாவின்ர பலம், வெள்ளையாப் போனது அதின்ர பசை" என்பார்.

நூடில்ஸிலும் அதே கதைதான். இழையைப் பிடித்து வைத்திருப்பது அந்த ரப்பர். அவிக்கும்போது கசிந்து வெளியே வருவது அந்த வெள்ளைப் பசை, மாச்சத்து. இழையின் மேலே மெல்லிய பூச்சாக இருக்கிற அந்தப் பசையில்தான் பட்டர் ஒட்டிப் பிடிக்கும். நான் அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவிக் கானுக்குள் விட்டுவிட்டு, வழுக்குகிற இழைமேல் பட்டரை ஊற்றியிருக்கிறேன்.

அம்மாவின் முறை பிழை என்று இதற்குப் பொருள் இல்லை. கரட், கோவா, லீக்ஸ் போட்டுப் பெரிய நெருப்பில் பிரட்டுகிற நூடில்ஸுக்குக் கழுவத்தான் வேண்டும். பசை இருந்தால் தாச்சியில் அடிப்பிடித்து, கட்டி கட்டியாகிவிடும். அந்த நூடில்ஸை அம்மா செய்தால் எண்ணி எடுக்கலாம், அவ்வளவு உதிரியாக இருக்கும். பட்டர் நூடில்ஸ் வேறு வகை என்பதை ஏற்க அவவுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது வெள்ளி நான் கழுவாமல் எடுத்தபோது பக்கத்தில் வந்து நின்று, "கழுவாம எப்பிடிப் பிள்ளை திங்கிறது? வழுவழு எண்டு இருக்குமே" என்று இரண்டு தரம் கேட்டா.

அந்த இரண்டாவது வெள்ளி நூடில்ஸைக் கழுவவில்லை, ஆனால் பட்டரில் பிழைவிட்டேன். எதையும் தாளிக்கிற பழக்கத்தில், தாச்சியை நன்றாகச் சூடாக்கிப் பட்டரைப் போட்டேன். பக்கத்தில் நின்று கவனித்துப் பார்க்கிறவர்களுக்கு இது நல்ல பாடம். பட்டர் விழுந்தவுடன் ஓரங்கள் கரைந்து, வெள்ளை நுரை எழும்பி, சடசடவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் தண்ணீரின் சத்தம். பட்டர் முழுக்கக் கொழுப்பு அல்ல. நூற்றுக்கு 80 பங்கு அளவில் கொழுப்பு, 16 பங்கு மட்டில் தண்ணீர், மிச்சம் பாலின் சத்துகள். தண்ணீர் கொதித்துப் போகும் வரைக்கும் சத்தம் இருக்கும். சத்தம் ஓய்ந்தால் தண்ணீர் முடிந்தது. பிறகு நுரை அடங்கி, அடியில் சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகள் தெரியும். அவை பொன்னிறமாகி, மண்ணிறமாகி, இன்னும் ஒரு நிமிடம் விட்டால் கறுத்துக் கசந்துவிடும்.

நான் சத்தம் ஓய்ந்த பிறகுதான் நூடில்ஸைக் கொட்டினேன். வாசனை நன்றாக இருந்தது. ஆனால் சின்னவன் முதல் வாயிலேயே, "அம்மா, இது பொங்கல் மணக்குது" என்றான். சரியாகச் சொன்னான். நான் பட்டரை உருக்கி நெய்யாக்கிவிட்டிருந்தேன். நெய் நல்லதுதான், ஆனால் நெய் எண்ணெய் மாதிரி ஓடுகிற பொருள். மூத்தவள் உப்புவெளியில் சாப்பிட்டது பால் மணமும் குளிர்ச்சியும் உள்ள, இழையைச் சுற்றிப் பிடிக்கிற பட்டர். அது வேண்டுமென்றால் பட்டருக்குள் இருக்கிற தண்ணீரும் கொழுப்பும் பிரியாமல் இருக்க வேண்டும். பிரியாமல் இருக்க வேண்டுமென்றால் அது கொதிக்கக் கூடாது. நூடில்ஸ் அவித்த வெள்ளைத் தண்ணீரில் கொஞ்சம் விட்டு, நெருப்பை அணைத்து, குளிர்ந்த பட்டரைத் துண்டு துண்டாகப் போட்டுக் கலக்கினால், கொழுப்பு மிகச் சின்னத் துளிகளாகி, அந்த மாச்சத்துத் தண்ணீருக்குள் பிரிந்துபோகாமல் நிற்கும். எண்ணெய் மாதிரி இல்லாமல், கட்டியான பால் மாதிரி வரும்.

இது ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. ஜெர்மனியில் இறைச்சிக் குழம்புக்குப் பக்கத்தில், எங்களுக்குச் சோறு இருக்கிற இடத்தில், பட்டர் போட்ட நூடில்ஸ் இருக்கும். இத்தாலியில் வயிறு சரியில்லாதவர்களுக்கு இப்படி வெள்ளையாகச் செய்து கொடுப்பார்கள், நாங்கள் கஞ்சி வைத்துக் கொடுப்பதைப் போல. ரோம் நகரில் அல்ஃபிரெடோ டி லெலியோ என்ற உணவகக்காரர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயர் வாங்கிய தட்டை நூடில்ஸும் அடிப்படையில் இதுதான். பட்டரும் சீஸும், அவ்வளவே. இப்போது பல நாடுகளில் அதே பெயரில் கிரீம் ஊற்றிச் செய்கிறார்கள். அவர் கிரீம் போட்டவர் அல்ல.

ஆக, மூன்றாவது வெள்ளி எல்லாம் தெரிந்துகொண்டு இறங்கினேன். கழுவவில்லை. அவித்த தண்ணீரை எடுத்து வைத்தேன். நெருப்பை அணைத்தேன். பிரிட்ஜிலிருந்து எடுத்த பட்டரைத் துண்டுகளாக்கிப் போட்டேன். அப்படியும் எண்ணெய் பிரிந்து நின்றது.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தபிறகு ஒன்று பிழைத்தால் மனம் அதையே சுற்றும். பிள்ளைகள் படுத்த பிறகு குசினிக்குப் போய் மிச்சப் பட்டரை எடுத்துப் பார்த்தேன். கத்தியால் குறுக்கே வெட்டியபோது விளங்கியது. நல்ல பட்டர் வெட்டுவாய் முழுக்க ஒரே நிறமாக, மெழுகு மாதிரி இருக்கும். இது மேலே கடும் மஞ்சளும் கீழே வெளிறிய பட்டையுமாக இருந்தது. விரலால் நசித்தால் மணல் மாதிரி நெருடியது. சுற்றியிருந்த கடதாசியின் மடிப்புக்குள் பால் கலந்த தண்ணீர் கொஞ்சம் உறைந்து கிடந்தது.

அது ஏற்கெனவே ஒரு தடவை உருகிய பட்டர். ஆடி மாதம், கச்சான் காற்று அடிக்கிற காலம். அந்தக் காற்று நிலத்தின் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும், திருகோணமலையில் மத்தியானம் 35 பாகையைத் தொடும். பட்டர் 32 பாகைக்கு மேல் போனாலே தன் உருவத்தை விட்டுவிடும். நான் அதை வெள்ளி மத்தியானம் வேலை இடைவேளையில் என்.சி. வீதியில் ஒரு கடையில் வாங்கினேன். அன்று காலையில் கரண்ட் நின்று வந்திருந்தது, கடையின் குளிர்ப்பெட்டிக்குள்ளேயே பட்டர் இளகியிருந்ததா, அல்லது ஸ்கூட்டியில் பையைத் தொங்கவிட்டு வெயிலுக்குள் நான் வந்த நேரத்தில் உருகியதா, தெரியாது. வீட்டுக்கு வந்து பிரிட்ஜில் வைத்ததும் மறுபடி இறுகிவிட்டது. வெளியே பார்க்கப் பட்டர் மாதிரித்தான் இருந்தது. ஆனால் உருகியபோதே உள்ளே தண்ணீரும் பால்சத்தும் கீழே இறங்கிப் பிரிந்துவிட்டன. இறுகினாலும் அவை பழையபடி சேராது.

அடுத்த நாள் இதைச் சோதித்துப் பார்த்தேன். காலையில் வேறு இடத்தில் புதுப் பட்டர் வாங்கி, நேரே பிரிட்ஜில் வைத்தேன். ஒரு பிடி நூடில்ஸை அவித்து, அந்தத் தண்ணீரில் இரண்டு எவர்சில்வர்க் கிண்ணங்களில் மேசைக்கரண்டி இரண்டு வீதம் விட்டேன். ஒன்றில் உருகி இறுகிய பட்டர், மற்றதில் புதுசு, இரண்டும் பத்து ரூபாய்க் குற்றி அளவு. இரண்டு கைகளாலும் இரண்டு தேக்கரண்டியைப் பிடித்து ஒரே வேகத்தில் கலக்கினேன். மூத்தவள் குனிந்து நின்று பார்த்தாள். பழைய பட்டர் இருந்த கிண்ணத்தில் பொன்னிறப் பொட்டுகள் மிதந்தன, சின்னச் சின்ன வட்டங்கள். கலக்கக் கலக்க உடைந்து, நிறுத்தினால் மறுபடி ஒன்றுசேர்ந்தன. மற்றதில் பொட்டே இல்லை. வெளிர் மஞ்சளில், தேங்காய்ப் பாலின் தலைப்பால் மாதிரி கட்டியாக வந்தது. கரண்டியை எடுத்து அதன் முதுகில் விரலால் ஒரு கோடு போட்டாள் மூத்தவள். கோடு அப்படியே நின்றது. "அம்மா, இதுதான் அங்க சாப்பிட்டது" என்று கரண்டியை நக்கிவிட்டுச் சொன்னாள்.

அதற்குப் பிறகு பட்டர் வாங்குகிற முறையை மாற்றிவிட்டேன். வியாழக்கிழமை பின்னேரம், வெயில் தாழ்ந்த பிறகுதான் வாங்குவது. மற்றச் சாமானெல்லாம் எடுத்து முடித்துக் கடைசியில் கையில் எடுப்பது. எடுக்கும்போது பக்கெட்டின் மூலையை விரலால் அமத்திப் பார்ப்பது. மூலை கூராக, கல்லு மாதிரி இருக்க வேண்டும். மூலை மழுங்கி, வளைந்து இறுகியிருந்தால் அது எங்கேயோ ஒரு தடவை இளகியது. வீட்டிலிருந்து போகும்போதே சாப்பாட்டுப் பையில் உறைந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கொண்டு போய், பட்டரைப் பேப்பரில் சுற்றி அதோடு சேர்த்து வைத்துக்கொண்டு வருவேன். வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் பட்டரை வெளியே எடுத்து வைத்து இளக விடச் சொல்லுவார்கள். அவர்களின் குளிருக்கு அது சரி. எங்கள் ஊரில் வெளியே வைத்தால் இருபது நிமிடத்தில் எண்ணெய்.

நாலாவது வெள்ளியில் பட்டர் பிடித்தது, ஆனால் உப்புக் கூடிவிட்டது. இங்கே கிடைக்கிற பட்டர் பெரும்பாலும் உப்புப் போட்டது. நூடில்ஸிலேயே கொஞ்சம் உப்பு இருக்கும். அவிக்கிற தண்ணீரிலும் நான் வழக்கம்போல ஒன்றரைத் தேக்கரண்டி போட்டிருந்தேன். அந்தத் தண்ணீரையே திரும்பச் சேர்க்கிறோம் என்பதை மறந்துவிட்டேன். இன்னொன்று, எல்லாம் கலந்து முடித்து மூடி வைத்த நேரம் தங்கச்சி கனடாவிலிருந்து போன் எடுத்தாள். கதைத்து முடிய பத்து நிமிடம். திறந்தபோது நூடில்ஸ் எல்லாத் தண்ணீரையும் குடித்து, சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத ஒரே கட்டியாக இருந்தது. எடுத்து வைத்த தண்ணீரில் மிச்சம் இருந்ததால் இரண்டு அகப்பை சுடவைத்து விட்டு இளக்கினேன். சாப்பிடக்கூடிய நிலைக்கு வந்தது. அவித்த தண்ணீரை முழுக்க ஊற்றிவிடாமல் ஒரு கோப்பை கடைசி வரைக்கும் பக்கத்தில் வைத்திருப்பது நல்லது என்று அன்றைக்குக் கலண்டரில் எழுதினேன்.

ஐந்தாவது வெள்ளி செய்த அளவு இப்போது எங்கள் வீட்டின் அளவாகிவிட்டது. நாலு பேருக்குக் கறியோடு வைக்க, 400 கிராம் நூடில்ஸ் பக்கெட்டில் பாதி. வெள்ளிக்கிழமைக்கு என்றால் முட்டை சேர்க்காததாகப் பார்த்து எடுக்க வேண்டும். மசாலாத் தூள் பக்கெட்டோடு வருகிற உடனடி நூடில்ஸ் இதற்குச் சரிவராது. அவற்றில் பல எண்ணெயில் பொரித்துக் காயவைத்தவை, அந்த எண்ணெயின் மணம் பட்டரை அமத்திவிடும். பட்டர் 50 கிராம், அதாவது 200 கிராம் பக்கெட்டில் கால்வாசி. தண்ணீர் கொதிக்க வைத்த உடனேயே பட்டரை எட்டுத் துண்டுகளாக வெட்டி, ஒரு சின்னத் தட்டில் பரப்பி, பிரிட்ஜுக்குள் திருப்பி வைத்துவிட வேண்டும். கத்தி பட்ட சூடே இந்த ஊரில் அதற்குக் கூட.

தண்ணீர் ஒன்றேகால் லீட்டர் காணும். முன்பு இரண்டரை லீட்டர் வைப்பேன். தண்ணீர் குறைந்தால் அதில் இறங்குகிற மாச்சத்தின் அடர்த்தி கூடும், பட்டரைப் பிடிக்க அதுவே உதவி. காஸும் மிச்சம். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்களுக்குப் பிறகு, தேவைக்கு மேலே ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கவும் எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் தண்ணீர் குறைவு என்றால் முதல் ஒரு நிமிடம் பக்கத்தில் நின்று கிளறிவிட வேண்டும், இல்லாவிட்டால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். உப்பு முக்கால் தேக்கரண்டி.

பக்கெட்டில் 4 நிமிடம் என்று போட்டிருந்தால் 3 நிமிடத்தில் ஒரு இழையை எடுத்துக் கடித்துப் பார்ப்பேன். நடுவில் கொஞ்சம் விறைப்பு இருக்கிற நேரம் பெரிய கோப்பையால் ஒரு கோப்பை தண்ணீரை அள்ளி வைத்துவிட்டு, மிச்சத்தை வடித்து, உதறாமல் அதே சட்டிக்குள் திருப்பிக் கொட்டுவேன். அடுப்பு அணைந்துவிட்டது. இனி அதைத் திரும்பப் பற்றவைக்கிற வேலை இல்லை. சட்டியில் இருக்கிற சூடே போதும். நாலு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, அடியில் கொதிக்கிற சத்தம் அடங்கும் மட்டும் இருபது எண்ணுவேன். சத்தம் அடங்குவதற்கு முன் பட்டரைப் போட்டால் இரண்டாவது வெள்ளியின் கதைதான்.

பிறகு பட்டரைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து, இரண்டு இரண்டு துண்டாகப் போட்டு, இரண்டு முள்ளுக்கரண்டிகளால் நூடில்ஸைத் தூக்கித் தூக்கி விட வேண்டும். கிளறுவது அல்ல, தூக்கி விழுத்துவது. முதல் இரண்டு துண்டும் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகு அடுத்த இரண்டு. மூன்றாவது தரம் போடும்போது சத்தம் மாறும். முதலில் ஈரத் துணியைத் தூக்கிப் போடுகிற மாதிரி இருந்த சத்தம், மெதுவாகச் சப்பென்று ஒட்டுகிற சத்தமாகும். இழைகள் மின்னத் தொடங்கும். எண்ணெய் மினுக்கம் அல்ல, மங்கலான ஒரு பளபளப்பு. எல்லாப் பட்டரும் முடிந்ததும் நூடில்ஸை ஒரு பக்கம் ஒதுக்கிப் பார்க்க வேண்டும். சட்டியின் அடியில் வெளிர் மஞ்சள் பால் மெல்ல நகர்ந்து அந்த இடத்தை நிரப்பினால் சரி. நகராமல் நின்றால் இன்னும் இரண்டு கரண்டி தண்ணீர். கோப்பைக்குப் போகும்போது கொஞ்சம் இறுகும், அதனால் தேவையானதைவிடச் சற்று இளக்கமாகவே நிறுத்துவேன். கடைசியில் அப்போதே இடித்த மிளகு கால் தேக்கரண்டி. இதுவரை தண்ணீர் கொதித்த பிறகு எட்டு நிமிடம்கூட ஆகாது.

கறி, கோப்பை, தண்ணீர் எல்லாம் மேசையில் வைத்த பிறகுதான் பட்டரைக் கையில் எடுப்பேன். இப்போது நான் நூடில்ஸை வடிக்கப் போனால் அம்மா உள்ளேயிருந்து, "தண்ணி அள்ளி வச்சிட்டியா பிள்ளை?" என்று குரல் கொடுப்பா.

எதோடு வைப்பது என்பதிலும் எனக்கு ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. சொதி, தண்ணீர்க் குழம்பு இதற்கு ஆகாது. பாடுபட்டு ஒட்டவைத்த பட்டரைக் குழம்பு கழுவிக்கொண்டு போய்விடும். பிரட்டல் மாதிரி இறுகிய கறிதான் பொருத்தம். வெள்ளிக்கு உருளைக்கிழங்குப் பிரட்டல் அல்லது எண்ணெய் பிரிய வதக்கிய கத்தரிக்காய். உறைப்புக் கறியை ஒரு வாய், பட்டர் நூடில்ஸ் ஒரு வாய் என்று மாறி மாறிச் சாப்பிடும்போது இரண்டும் எழும்பி நிற்கும். மீன் சாப்பிடுகிற நாட்களில் கணவாய்ப் பிரட்டல். நன்றாகத் தூள் போட்டு, கறுக்கப் பிரட்டிய கணவாய்க்கு இதைவிட நல்ல துணை சோறுகூட இல்லை என்று இவர் சொல்லுகிறார். எனக்குப் பொரித்த பாரை மீன் துண்டும் பக்கத்தில் இரண்டு துளி தேசிக்காய்ப் புளியும்.

மேலே என்ன போடலாம் என்று சில சோதனைகள் செய்தேன். உள்ளி இரண்டு பல்லு அரிந்து போட்ட நாள் உள்ளி நூடில்ஸாகிவிட்டது, பட்டரைக் காணவில்லை. மல்லி இலை பரவாயில்லை. கறிவேப்பிலையைத் தனியாக ஒரு தேக்கரண்டிப் பட்டரில் மொறுமொறுவென்று பொரித்து மேலே தூவியது நல்ல வாசம். அதில் பட்டர் மண்ணிறமாகலாம், அங்கே அதுதான் ருசி. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது பாண் தூள். முதல் நாள் மிஞ்சிய றாத்தல் பாணின் ஒரு துண்டைக் காயவிட்டு, கையால் உதிர்த்து, அதே மாதிரிப் பட்டரில் பொன்னிறமாக வறுத்து, சாப்பிடப் போகும்போது தூவுவது. மெதுவான நூடில்ஸுக்கு மேலே அந்தக் கறுமுறு மிக நன்றாக இருக்கும். முன்கூட்டியே தூவினால் ஊறிவிடும்.

பட்டருக்குப் பதிலாக மாஜரின் போடலாமா என்று அயலில் ஒரு அக்கா கேட்டா. போட்டும் பார்த்தேன். பாணுக்குப் பூச அது நல்லதுதான், ஆனால் இந்தச் சாப்பாட்டில் பால் மணத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை, அது இல்லாவிட்டால் வெறும் கொழுப்புத்தான் நாக்கில் நிற்கும். காசு காணாத கிழமையில் பட்டரை 30 கிராமாகக் குறைத்து, அவித்த தண்ணீரைக் கொஞ்சம் கூட்டுவேன். அது மாஜரினில் செய்ததைவிட நன்றாக வரும்.

மிஞ்சினால் வெளியே வைக்கக் கூடாது. எங்கள் சூட்டில் அவித்த நூடில்ஸ் கெதியாகப் பழுதாகும். சாப்பிட்டு எழும்பிய உடனே மூடிப் பிரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் அது இறுகிக் கட்டியாக இருக்கும். தாச்சியில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதில் நூடில்ஸைப் போட்டு, மூடி, நன்றாக ஆவி பறக்கும் வரை சூடாக்கி இறக்கினால் இளகிவிடும். இரவு இருந்த பால் மாதிரியான பூச்சு திரும்பி வராது, கொஞ்சம் எண்ணெய் பிரியும். அதனால் காலையில் அதற்குக் கட்டைச் சம்பல் இடித்து வைப்பேன். போன சனிக்கிழமை சின்னவன் சம்பலை ஒதுக்கிவிட்டு, நூடில்ஸை இரண்டு பாண் துண்டுகளுக்கு நடுவில் வைத்து அமத்தி, அதைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான்.